இடது கை, மூன்றாவது சொல்

2011இல் ஒரு தமிழ்ப் படத்தில் நான் மூன்றாவது உதவி இயக்குநராக இருந்தேன். மூன்றாவது உதவி என்றால் கன்டினியூட்டி நோட்டைச் சுமப்பவர் என்று பொருள். எந்தக் காட்சியில் யாருக்கு எந்தச் சேலை, பொட்டு என்ன அளவு, சுவர்க் கடிகாரத்தில் மணி என்ன, டம்ளரில் காபி எத்தனை விரற்கடை குறைந்திருந்தது என்பதையெல்லாம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். அன்று வளசரவாக்கத்தில், படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடும் ஒரு வீட்டில், கதாநாயகனின் அம்மாவாக நடித்த மூத்த நடிகை ஒருவரின் காட்சியை எடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு காலத்தில் கதாநாயகியாக நடித்துப் பெயர் வாங்கியவர். அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. காலையில் வைட் ஷாட் முடிந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு அதே வசனத்துக்கு குளோசப். நான் நோட்டைப் பார்த்து, “அம்மா, டம்ளர் வலது கையில்” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “இல்ல பாப்பா. இடது கை. ‘நீ போனா நான் என்ன பண்ணுவேன்’ல ‘நான்’ சொல்றப்ப கீழ வெச்சேன். மூணாவது சொல்.”

மானிட்டரில் காலை எடுத்ததை ஓட்டிப் பார்த்தோம். இடது கை. மூன்றாவது சொல். நோட்டில் நான் எழுதியிருந்தது தவறு. மூன்று மணி நேரம் கழித்து, இடையில் சாப்பிட்டு, சிறிது நேரம் கண்ணயர்ந்து எழுந்த பிறகும், தன் கை எந்தச் சொல்லில் இறங்கியது என்பது அவருக்கு நினைவிருந்தது. எனக்கு அதை எழுதி வைத்துக்கொள்வதுதான் வேலை, எனக்கு நினைவில்லை.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. குளோசப் முடிந்ததும், ஜன்னலுக்கு வெளியிலிருந்து அவர் முகத்தைக் காட்டும் ஒரு ஷாட்டுக்காக, கேமரா நகர ட்ராக் போட்டார்கள். தண்டவாளத்தை மட்டம் பார்த்து, வெயிலை மறைக்கத் துணி கட்டி, எல்லாம் தயாராக ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே என்னிடம் மெல்லிய குரலில், “இது எடிட்ல நிக்காது. குளோசப்லயே அழுகை முடிஞ்சிருச்சு, அப்புறம் வெளிய போய் என்ன பாக்கறது?” என்றார். அது எப்படியோ இயக்குநரின் காதுக்கு எட்டிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே, “அம்மா, பேசாம அடுத்த படத்த நீங்களே டைரக்ட் பண்ணிடுங்க” என்றார். எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். இரண்டு மாதம் கழித்து எடிட்டிங் அறையில் அந்த ஜன்னல் ஷாட் எடுத்தெறியப்பட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவரை யாரும் நினைக்கவில்லை. நானும் அப்போது வாய் திறக்கவில்லை.

நடிகை ஒருவர் படம் இயக்கப் போகிறார் என்ற செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அந்த நாற்காலிதான் நினைவுக்கு வருகிறது. நம் பத்திரிகைகள் அந்தச் செய்திக்கென்றே ஒரு சொல்லை வைத்திருக்கின்றன: ‘இயக்குநர் அவதாரம்’. அவதாரம் என்றால் மேலேயிருந்து இறங்கி வருவது. இருபது ஆண்டுகள் படப்பிடிப்புத் தளத்தின் தரையிலேயே உட்கார்ந்திருந்த ஒருவர் எங்கிருந்து இறங்கி வருகிறார் என்று எனக்கு விளங்கியதே இல்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் இன்னொரு எண்ணமும் ஒளிந்திருக்கிறது; மார்க்கெட் போய்விட்டது, அதனால் வேறு வேலை தேடுகிறார் என்பது. இரண்டுமே பிழை என்றுதான் நினைக்கிறேன். நடிப்பை விட்டு இயக்கத்துக்கு ‘மாறுகிறார்’ என்று நாம் எதைச் சொல்கிறோமோ, அது பெரும்பாலும் அவர் பல ஆண்டுகளாக வாய் திறக்காமல் செய்துவந்த வேலையை வாய் திறந்து செய்யத் தொடங்குவதுதான்.

ஒரு கதாநாயகியின் நாளை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். காலை ஆறு மணிக்கு மேக்கப். ஒன்பது மணிக்குத் தளத்தில் தயார். முதல் ஷாட் பதினொன்றுக்கு. இடைப்பட்ட நேரம் முழுவதும் காத்திருப்பு. ஒளிப்பதிவாளர் ஃபிரேமைப் பார்க்கிறார், லைட்மேன் விளக்கைப் பார்க்கிறார், கலை இயக்குநர் சுவரைப் பார்க்கிறார். எல்லாத் துறையும் வந்து கூடுகிற இடம் ஒன்றே ஒன்று, அது நடிப்பவரின் முகம். ஃபோகஸ் உதவியாளர் டேப்பை இழுத்து அவர் கண்ணுக்கு ஒரு விரல் தூரத்தில் நிறுத்தி அளவெடுக்கிறார். டச் அப் அக்கா வியர்வையை ஒற்றுகிறார். காஸ்ட்யூமர் கொசுவத்தைச் சரிசெய்கிறார். உதவி இயக்குநர் வசனத்தை மாற்றிச் சொல்கிறார். எந்த லென்ஸைப் போட்டால் தன் முகம் அகலும், எந்த விளக்கில் வயது தெரியும், எந்த வசனம் டப்பிங்கில் உதட்டோடு ஒட்டாமல் படுத்தும் என்பது அவருக்கு உடம்பால் தெரியும். இதை எந்தத் திரைப்படக் கல்லூரியும் இந்த வரிசையில் கற்றுத் தருவதில்லை.

இன்னொரு வசதியும் உண்டு. என்னைப் போன்ற உதவி இயக்குநருக்கு ஒரு குருதான், மிஞ்சினால் இரண்டு பேர். அவர் எப்படி எடுக்கிறாரோ அப்படித்தான் நமக்கு எடுக்கத் தெரியும். அவருடைய கெட்ட பழக்கங்களும் சேர்ந்தே வரும். நடிகைக்கு அப்படியில்லை. ரேவதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1983இல் ‘மண் வாசனை’யில் பாரதிராஜாவிடம் தொடங்கியவர், மகேந்திரன், ஆர். சுந்தர்ராஜன், மணிரத்னம், பரதன், பாலுமகேந்திரா என்று ஒருவருக்கொருவர் துளியும் ஒத்துப்போகாத இயக்குநர்களின் தளங்களில் அடுத்த பத்தாண்டுகள் இருந்திருக்கிறார். ஒருவர் வெட்ட வெளியில் கூட்டத்தை நிறுத்திப் படமெடுக்கிறவர். ஒருவர் வசனத்தை வெட்டி வெட்டி மௌனமாக்குகிறவர். ஒருவர் கேமராவைத் தானே பிடித்துக்கொள்கிறவர். இத்தனை பேரிடமும் உதவி இயக்குநராக இருந்த ஓர் ஆணைத் தமிழ் சினிமாவில் காட்ட முடியுமா? முடிந்தால் அவர் படம் இயக்க வந்தபோது யாரும் அதை அவதாரம் என்றிருக்க மாட்டார்கள்.

இது புதிய கதையும் அல்ல. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931இல் வந்தது. அதன் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி. அந்தப் படத்தில் அவர் தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பேசினார். நாடக மேடையிலிருந்து வந்த அந்தப் பெண் ஐந்தே ஆண்டுகளில், 1936இல், தான் எழுதிய ‘கமலவல்லி’ நாவலைத் தானே தயாரித்து, தானே இயக்கி ‘மிஸ் கமலா’ என்ற படமாக்கினார். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் என்று வரலாறு அவரைக் குறிக்கிறது. அந்தப் படத்தை நான் பார்த்ததில்லை, பார்த்தவர் எவரையும் சந்தித்ததும் இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். தமிழ்ப் பேசும்படத்துக்கு வயது ஐந்து. அதற்குள் அதன் முதல் நாயகி கேமராவுக்குப் பின்னால் போய்விட்டார். யாரிடமும் ‘மாறுவதற்கு’ அனுமதி கேட்கும் வழக்கம் அப்போது உருவாகியிருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

பானுமதி 1953இல் ‘சண்டிராணி’யை இயக்கினார். தமிழ், தெலுங்கு, இந்தி என மூன்று மொழிகள். போதாக்குறைக்கு அவருக்கே இரட்டை வேடம். இன்று கணினியில் நொடியில் செய்யும் இரட்டை வேடத்தை அன்று கேமராவுக்குள்ளேயே செய்தாக வேண்டும். லென்ஸின் ஒரு பாதியை மறைத்து ஒரு பெண்ணாக நடிக்க வேண்டும். ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறு பாதியை மறைத்து இன்னொரு பெண்ணாக நடிக்க வேண்டும். இல்லாத ஆளைப் பார்க்கும் கண் சரியான உயரத்தில் நிற்க வேண்டும். மானிட்டர் கிடையாது. எடுத்த ஃபிலிமைக் கழுவி, போட்டுப் பார்க்கிற ரஷ் பிரிண்ட் லேபிலிருந்து வரும்வரை சரியாக வந்ததா என்று யாருக்கும் தெரியாது. இதை மூன்று மொழிகளில், தன்னையே இயக்கிக்கொண்டு செய்தவரைப் பற்றி நாம் அதிகம் பேசுவது அவருடைய கர்வத்தைத்தான். கணவர் பி.எஸ். ராமகிருஷ்ண ராவும் இயக்குநர், சொந்தமாகப் பரணி ஸ்டூடியோவும் இருந்தது. ஆகவே அவருக்கு ‘இது எடிட்டில் நிற்காது’ என்று மெல்லச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. உரக்கவே சொல்லியிருப்பார்.

அடுத்து சாவித்திரி. இங்கே சற்று நிற்க வேண்டும்; ஏனென்றால் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு எப்போது எழுந்தாலும் அவரிடம்தான் வந்து முடியும். நான் சினிமாவில் உதவி இயக்குநராகச் சேரப் போகிறேன் என்றதும் என் பெரியம்மா சொன்ன முதல் வாக்கியம், “சாவித்திரி படம் எடுத்துத்தான் அழிஞ்சா.” அவருக்கு என் மேல் இருந்த அன்பில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வாக்கியம் உண்மையா என்று பார்க்க எனக்கு வெகுகாலம் பிடித்தது.

1968இல் தெலுங்கில் ‘சின்னாரி பாப்பலு’ என்ற படத்தைச் சாவித்திரி இயக்கினார். முக்கியப் பொறுப்புகள் பலவற்றில் பெண்களை வைத்து அதை எடுத்தார்; இசையமைத்தவர் பாடகி பி. லீலா. அதையே மறு ஆண்டு தமிழில் ‘குழந்தை உள்ளம்’ என்று எடுத்தார். 1971இல், தான் நடித்துப் பெரும் வெற்றி பெற்ற ‘மூக மனசுலு’ தெலுங்குப் படத்தைச் சிவாஜி கணேசனோடு தமிழில் ‘பிராப்தம்’ ஆக்கினார். தயாரிப்பு அவர், இயக்கம் அவர், கதாநாயகியும் அவர். அது ஓடவில்லை. அதற்குப் பின் சொத்து கரைந்ததும், வரிப் பிரச்சினையும், நோயும், பத்தொன்பது மாதம் நினைவிழந்து கிடந்து 1981 டிசம்பரில் அவர் இறந்ததும் நாடறிந்தவை. 2018இல் அவர் வாழ்க்கையே படமாகி, அவராக நடித்த கீர்த்தி சுரேஷ் தேசிய விருது பெற்றார்.

இதில் இயக்கம் எங்கே அழித்தது? அழித்தது பணம், இன்னும் சரியாகச் சொன்னால், நட்டத்தைத் தன் ஒருத்தியின் தலையில் வாங்கிக்கொண்ட தயாரிப்பு. இயக்குவது வேறு, முதல் போடுவது வேறு. ஆண் இயக்குநர்களில் பெரும்பாலோர் அடுத்தவர் பணத்தில்தான் தோல்விப் படம் எடுத்துக் கற்றுக்கொண்டார்கள். மூன்றாவது, நான்காவது வாய்ப்பையும் பெற்றார்கள். சாவித்திரி தன் பணத்தைப் போட்டுத்தான் இயக்க முடிந்தது என்பதுதான் அந்தக் கதையின் உள்கதை. நாம் அதை விட்டுவிட்டு, பெண் படம் இயக்கினால் கெடுவாள் என்ற பகுதியை மட்டும் பழமொழிபோல எடுத்துக்கொண்டோம்.

ஒப்பிட்டுப் பார்க்க வேறு யாரும் வேண்டாம், எம்.ஜி.ஆர். போதும். 1958இல் இருப்பதையெல்லாம் போட்டு ‘நாடோடி மன்னன்’ எடுத்தபோது, ஓடினால் மன்னன், ஓடாவிட்டால் நாடோடி என்று அவர் சொன்னதாக இன்றும் மேடைகளில் கைதட்டலோடு சொல்கிறார்கள். அது ஓடியது, அதனால் அது துணிச்சலாயிற்று. ஓடாமல் போயிருந்தாலும்கூட, ‘நடிகன் படம் இயக்கினால் நாடோடிதான்’ என்று எந்தப் பெரியப்பாவும் எந்தப் பையனையும் தடுத்திருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது. ஓர் ஆணின் தோல்வி அவனோடு முடிந்துவிடும். சாவித்திரியின் தோல்வி எங்கள் வீட்டுக் கூடம்வரை வந்து, 2010இல் என் முன்னால் உட்கார்ந்திருந்தது.

சுஹாசினி வந்த வழி இதற்கு நேர் எதிரானது. அவர் கேமராவிலிருந்து நடிப்புக்கு வந்தவர். அடையாறு திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து, அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்தவர், 1980இல் மகேந்திரனின் ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’யில் நாயகியானார், ‘சிந்து பைரவி’க்குத் தேசிய விருது வாங்கினார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தூர்தர்ஷனுக்காக ‘பெண்’ என்ற தொடரை இயக்கினார். கதைக்கு ஒரு நடிகை என்று, அக்காலத்தில் உச்சத்தில் இருந்தவர்களையெல்லாம் வேறு வெளிச்சத்தில் நிறுத்திய தொடர் அது. பள்ளிக்கூடப் பருவத்தில் அதைப் பார்த்த எனக்குக் கதைகள் மறந்துவிட்டன. நடிகைகள் வீட்டில் இருப்பதுபோல உட்கார்ந்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது. காலை மடக்கி, முதுகை வளைத்து, முந்தானை சரிந்தால் சரிந்தபடி. சினிமாவில் அவர்களை யாரும் அப்படி உட்கார விட்டதில்லை. 1995இல் ‘இந்திரா’வைத் திரைக்கு எடுத்தார். அந்தப் படத்தை இன்று பலரும் ‘நிலா காய்கிறது’ பாட்டுக்காக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள். சாதியால் இரண்டாகப் பிரிந்து கிடக்கும் ஊரின் கதைக்குள் ஒரு பெண்ணை நடுவில் வைத்த படம் அது. எனக்கு அதன் முடிவில் உடன்பாடில்லை, ஆனால் அந்தப் பெண்ணை ஒரு நொடிகூட அலங்காரத்துக்கு நிறுத்தவில்லை என்பதை ஒப்புக்கொள்வேன்.

இனி ரேவதி. 2002இல் அவர் இயக்கிய முதல் படம் ‘மித்ர், மை ஃபிரண்ட்’. அது ஆங்கிலப் படம். அதை முதன்முதலில் கல்லூரி விடுதியில், கீறல் விழுந்த ஒரு விசிடியில் பார்த்தேன். தமிழ் நடிகை ஏன் தமிழில் எடுக்கவில்லை என்ற ஏமாற்றம்தான் முதலில் வந்தது. சிதம்பரத்துப் பெண் லட்சுமி, அமெரிக்காவில் வேலை பார்ப்பவனை மணந்து அங்கே போகிறாள். மகள் வளர்ந்து விலகுகிறாள். கணவனோடு பேச்சு வற்றுகிறது. இணைய அரட்டையில் முகம் தெரியாத ஒருவனிடம் பேசத் தொடங்குகிறாள். லட்சுமியாக ஷோபனா. விடுதி அறையில் எங்களுக்கு அது சலிப்பாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பத்து ஆண்டுகள் கழித்து மறுபடியும் பார்த்தேன். அதற்குள் எனக்குத் திருமணம் ஆகியிருந்தது, ஒரு வெளியூரில் ஓராண்டு பகல் முழுவதும் தனியாக இருந்த அனுபவமும் இருந்தது. இம்முறை எனக்கு ‘மௌன ராகம்’ நினைவுக்கு வந்தது. 1986இல் ரேவதிக்கு இருபது வயது. தான் விரும்பாத ஒருவனை மணந்து, தாலியோடு டில்லிக்கு ரயிலேறிய திவ்யாவாக அவர் நடித்தார். அந்தப் படம் அவள் கணவனோடு மனம் ஒன்றும் இடத்தில் நின்றுவிடுகிறது. அதற்குப் பின் பதினேழு, பதினெட்டு ஆண்டுகள் அவள் எப்படி இருந்திருப்பாள் என்று எந்த இயக்குநரும் கேட்கவில்லை. அவளாக நடித்தவர் கேட்டார் என்று எனக்குத் தோன்றியது. டில்லிக்குப் பதில் கலிபோர்னியா, அவ்வளவுதான் வேறுபாடு. இது என் வாசிப்பு. அவர் அப்படி எண்ணி எடுத்தாரா என்பது வேறு விஷயம். ஆனால் பகலில் பேச ஆளில்லாத ஒரு வீட்டை, சோகப் பாட்டு வைக்காமல், கண்ணீர் குளோசப் வைக்காமல், ஒரு பெண் அறையிலிருந்து அறைக்கு நடப்பதாலேயே காட்ட முடியும் என்பது, கண்ணீர் குளோசப்புகளை நூற்றுக்கணக்கில் கொடுத்து முடித்த ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கும். ‘அழுகை முடிஞ்சிருச்சு, அப்புறம் வெளிய போய் என்ன பாக்கறது?’

குறையே இல்லாத படம் அல்ல. பிற்பகுதி அவசரமாக முடிகிறது. கணவன் பக்கம் இன்னும் இரண்டு காட்சிகள் வேண்டும். சில வசனங்களில் ஆங்கிலம் எழுதிக் கொடுத்ததுபோல ஒலிக்கிறது. ஆனால் அந்தப் படத்தின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் வேறொன்று தெரியும். திரைக்கதையில் சுதா கொங்கரா. ஒளிப்பதிவு ஃபௌசியா பாத்திமா. படத்தொகுப்பு பீனா பால். இசை பவதாரிணி. 1968இல் சாவித்திரி செய்து பார்த்ததை 34 ஆண்டுகள் கழித்து இன்னொரு நடிகை திரும்பச் செய்தார். இம்முறை அது யாரையும் அழிக்கவில்லை. சிறந்த ஆங்கிலப் படம், சிறந்த நடிகை, சிறந்த படத்தொகுப்பு என மூன்று தேசிய விருதுகள் வந்தன. அந்தப் பட்டியலில் இருந்த சுதா கொங்கரா பின்னாளில் ‘இறுதிச்சுற்று’, ‘சூரரைப் போற்று’ என்று போனது எல்லோருக்கும் தெரியும். ‘சூரரைப் போற்று’ சிறந்த படத்துக்கான தேசிய விருதை வாங்கியபோது, அதற்கு ஒரு வேர் 2002இன் அந்தச் சிறிய படத்தில் இருப்பதை ஒருவராவது எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தேன். என் கண்ணில் படவில்லை.

இந்த வித்தியாசத்தின் காரணத்தை யோசித்திருக்கிறேன். ரேவதி சாவித்திரியைவிடக் கெட்டிக்காரர் என்பதல்ல. அவர் சிறியதாக எடுத்தார். நட்சத்திரம் வேண்டாம், ஏழு பாட்டு வேண்டாம் என்று விட முடிந்தது. 1971இல் சாவித்திரிக்கு அந்த வழி இல்லை. அன்று படம் என்றால் பெரிய படம், பெரிய நாயகன், ஃபிலிம் சுருள் கணக்கு, ஸ்டூடியோ வாடகை. சிறியதாகத் தோற்க அவருக்கு இடமே இருக்கவில்லை. லக்ஷ்மி ராமகிருஷ்ணன் 2012இல் ‘ஆரோகணம்’ எடுத்தபோது அந்த இடம் இன்னும் கொஞ்சம் அகன்றிருந்தது. டிஜிட்டல் கேமரா வந்துவிட்டது, மனநோயோடு வாழும் ஒரு தாயைப் பற்றி நட்சத்திரமில்லாமல் படம் எடுக்க முடிந்தது. நடிக்க வந்து சில ஆண்டுகளிலேயே அவர் இயக்கத்துக்கு வந்துவிட்டார், தொடர்ந்து எடுத்துக்கொண்டும் இருந்தார்.

ஆனால் இடம் அகன்றுவிட்டது என்று சொல்லி மகிழ்ந்துவிடவும் முடியவில்லை. ரேவதியின் இரண்டாவது படம் 2004இல் இந்தியில் வந்த ‘ஃபிர் மிலேங்கே’, எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக வேலையிலிருந்து நீக்கப்படும் பெண்ணைப் பற்றியது. அடுத்த முழுநீளப் படமான ‘சலாம் வெங்கி’ வெளிவந்தது 2022 டிசம்பரில். நடுவில் சில தொகுப்புப் படங்களில் ஒவ்வொரு குறும்பகுதி எடுத்தார். அதைக் கழித்தால் 18 ஆண்டுகள். மூன்று தேசிய விருதுகளோடு தொடங்கிய ஓர் ஆண் இயக்குநருக்கு 18 ஆண்டு இடைவெளி விழுந்தால் நாம் அதைக் காணாமல் போனவர் வரிசையில் வைத்து இரங்கல் கட்டுரை எழுதுவோம். ரேவதி விஷயத்தில் யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அவர் நடித்துக்கொண்டேதான் இருந்தார். திரையில் முகம் தெரிந்துகொண்டிருந்ததால் எடுக்காத படங்கள் யார் கணக்கிலும் வரவில்லை. அதே 2022இல் மலையாளத்தில் ‘பூதகாலம்’ வந்தது. மனம் சிதைந்துவரும் ஒரு தாயாக நடித்ததற்குக் கேரள அரசின் சிறந்த நடிகை விருதைப் பெற்றார். அந்தப் படத்தில் அவர் பல இடங்களில் ஒன்றுமே செய்யாமல் இருக்கிறார். கேமரா தன்னை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது தெரிந்தவரின் அமைதி அது. தளத்தின் மறுபக்கம் போய்வந்தவர்களுக்குத்தான் அது வாய்க்கும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் அவருடைய எண்பதுகளின் நடிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அப்போது அவர் கை ஒரு நிமிடம் சும்மா இருக்காது.

வங்கத்தில் இதற்கு வேறு மரியாதை இருந்தது. அபர்ணா சென் 1961இல் சத்யஜித் ராய் படத்தில் பள்ளிப் பருவத்திலேயே அறிமுகமாகி, வணிகப் படங்களில் நாயகியாக நடித்து, 1981இல் ‘36 சௌரிங்கி லேன்’ எடுத்தார். முதல் படத்துக்கே சிறந்த இயக்கத்துக்கான தேசிய விருது. அதன்பின் அவரை அங்கே யாரும் ‘நடிகையாக இருந்து இயக்குநரானவர்’ என்று நீட்டி முழக்குவதில்லை, இயக்குநர் என்றே சொல்கிறார்கள். அவர் தொடர்ந்து எடுத்ததும் ஒரு காரணம், எடுக்க விட்டதும் ஒரு காரணம். இரண்டில் எது முதலில் என்று நண்பர்களோடு பலமுறை வாதாடியிருக்கிறேன், தீர்ந்தபாடில்லை.

வளசரவாக்கம் படப்பிடிப்பு நாற்பது நாளில் முடிந்தது. கடைசி நாள் பேக்கப் சொன்னதும், யூனிட் ஆட்கள் கேபிளைச் சுருட்டத் தொடங்கிய சத்தத்துக்கு நடுவில், அந்த மூத்த நடிகை என்னைக் கூப்பிட்டார். சம்பளம் ஒழுங்காக வந்ததா என்று கேட்டார். அரைகுறையாக வந்திருந்தது, அதைச் சொன்னேன். பிறகு, “உன் நோட்ட ஒரு ஜெராக்ஸ் எடுத்துத் தர்றியா பாப்பா? முழுசும்” என்றார். எதற்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தெருமுனைக் கடையில் 112 பக்கங்களையும் நகலெடுத்து, ஸ்பைரல் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் காரின் உள்விளக்கைப் போட்டுக்கொண்டு சில பக்கங்களைப் புரட்டினார். டம்ளர் காட்சி எழுதிய பக்கத்தில் ‘வலது’ என்பதை நான் அடித்துவிட்டு ‘இடது’ என்று எழுதியிருந்தேன். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பேனா கேட்டு வாங்கி, அதற்கு அருகில் சிறியதாக ஒரு கட்டம் வரைந்தார். அதற்குள் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு உள்பக்கம் ஒரு தலை, கட்டத்தின் ஓரத்தில் கேமரா எங்கே நிற்க வேண்டும் என்று ஓர் அம்புக்குறி.

“இப்படி எடுத்திருந்தா நின்னிருக்கும்” என்றார். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு, டிரைவரைப் போகச் சொன்னார்.